எழுத்துத் தெரியாத ஊரில் ஐந்து வாரம்

ஷாங்காயிலிருந்து திரும்பிய நாள் முதல் சங்கத்துக்கு வரும் அன்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பாஷையும் தெரியாது, எழுத்தும் தெரியாது. அங்கே எப்படி சார் தனியாகச் சுற்றினீர்கள்?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரு கட்டுரையாக எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். நான் எழுத்தாளன் அல்லன். தென்கிழக்கு ரயில்வேயில் தண்டவாளப் பராமரிப்பில் 40 ஆண்டுகள் இருந்து 2020இல் ஓய்வு பெற்ற டிப்ளமோ இன்ஜினியர். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

2024 அக்டோபரில் என் மகளைப் பார்க்க நானும் என் மனைவியும் ஷாங்காய் சென்றோம். மகளும் மாப்பிள்ளையும் காலையில் வேலைக்குப் போய்விடுவார்கள். மனைவிக்குப் பேரனோடு பொழுது போய்விடும். எனக்கோ வீட்டில் உட்கார்ந்து பழக்கமில்லை. ஆகவே இரண்டாம் நாளே ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது மகள் ஒரு சிறு சீட்டைக் கொடுத்தாள். அதில் வீட்டு விலாசம், இறங்க வேண்டிய ஸ்டேஷன், வெளியேறும் வாசலின் எண், அவளுடைய தொலைபேசி எண் எல்லாம் சீன எழுத்தில் இருந்தன. "அப்பா, இது எப்பவும் உங்க சட்டைப் பையிலேயே இருக்கட்டும்" என்றாள். பாதி இந்தியாவை ரயிலில் பார்த்தவனுக்குச் சீட்டா என்று மனதுக்குள் சற்று சுருக்கென்றது. இருந்தாலும் பையில் வைத்துக்கொண்டேன். அந்தச் சீட்டின் கதையைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் செய்ய வேண்டியவை

சீனாவில் கைப்பேசிதான் பணப்பை. கறிகாய்க் கடை முதல் டாக்சி வரை அலிபே அல்லது வீசாட் மூலமே பணம் செலுத்துகிறார்கள். 2023 முதல் வெளிநாட்டவரும் தங்கள் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகளை இவற்றில் இணைத்துக்கொள்ள முடிகிறது. ஒரு முறை செலுத்தும் தொகை 200 யுவானுக்குள் இருந்தால் கூடுதல் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் 3 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். இந்தியாவில் இருக்கும்போதே இந்த வேலையை முடித்துவிடுவது நல்லது. ரொக்கமும் செல்லும். ஆனால் கடைக்காரர் சில்லறைக்குத் தடுமாறுவார்.

இரண்டாவது, கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்குள்ள இணைப்பில் வேலை செய்யா. நம் ஊர் சிம் கார்டை ரோமிங் வசதியுடன் கொண்டுபோனால் வேலை செய்யும். மொழிபெயர்ப்புச் செயலியில் சீன மொழியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், இணைப்பு இல்லாத இடத்திலும் உதவும்.

மூன்றாவது, ஓட்டலில் தங்கினால் அவர்களே போலீசில் பதிவு செய்துவிடுவார்கள். உறவினர் வீட்டில் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் நாமே பதிவு செய்ய வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

விமான நிலையத்திலிருந்து ஊருக்குள்

புடோங் விமான நிலையத்திலிருந்து லாங்யாங் ரோடு வரை 30 கிலோமீட்டருக்குக் காந்த விசையில் மிதந்து ஓடும் மாக்லெவ் ரயில் இருக்கிறது. கட்டணம் 50 யுவான். முன்பு மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. 2021 முதல் 300 கிலோமீட்டரோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆனாலும் சுமார் எட்டு நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறது. தண்டவாளத்தில் சக்கரம் படுகிறதா என்று வாழ்நாளெல்லாம் பார்த்தவனுக்கு, சக்கரமே இல்லாத ரயிலில் ஏறியதும் கொஞ்சம் துக்கமாகத்தான் இருந்தது! அவசரம் இல்லாதவர்கள் மெட்ரோவின் 2ஆம் எண் தடத்திலேயே ஊருக்குள் வந்துவிடலாம். செலவு மிகக் குறைவு.

எழுத்தை விடுங்கள், எண்ணைப் பிடியுங்கள்

நம் கல்கத்தா மெட்ரோ 1984இல் இந்தியாவிலேயே முதலாவதாகத் தொடங்கியது. ஷாங்காய் மெட்ரோ 1993இல்தான் பிறந்தது. இன்று அதன் நீளம் 800 கிலோமீட்டருக்கு மேல், ஸ்டேஷன்கள் 500க்கு மேல். இரண்டு ஊருமே ஆற்று வண்டல் மண்மேல் எழுந்தவை. அந்தச் சேற்றுக்கடியில் சுரங்கம் தோண்டுவதன் சிரமம் நம் ஊரில் ஹூக்ளிக்கு அடியில் வேலை நடந்ததைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அங்கே ஹுவாங்பு நதிக்கு அடியில் பல தடங்கள் போகின்றன.

இவ்வளவு பெரிய வலையில் எழுத்துத் தெரியாதவன் எப்படிப் போவது? அதற்கு மூன்று விஷயம் போதும். முதலாவது தடத்தின் எண்ணும் நிறமும். 1ஆம் எண் சிவப்பு, 2ஆம் எண் இளம்பச்சை, 3ஆம் எண் மஞ்சள், 4ஆம் எண் ஊதா. இரண்டாவது, எந்தத் திசையில் போகிறது என்பதைக் காட்டும் கடைசி ஸ்டேஷனின் பெயர். பெயர்கள் எல்லாம் ஆங்கில எழுத்திலும் இருக்கும். மூன்றாவது வாசலின் எண். பெரிய ஸ்டேஷன்களில் பத்துப் பன்னிரண்டு வாசல்கள்கூட உண்டு. தவறான வாசலில் ஏறினால் அரை கிலோமீட்டர் தள்ளிப் போய் நிற்போம். யாராவது விலாசம் சொன்னால் வாசலின் எண்ணையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுழையும்போது எல்லா ஸ்டேஷனிலும் பையை எக்ஸ்ரே இயந்திரத்தில் வைக்க வேண்டும். முதல் 6 கிலோமீட்டருக்கு 3 யுவான், அதன்பின் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 1 யுவான். கைப்பேசியில் வரும் கட்டக் குறியைக் காட்டியும் நுழையலாம். ஆனால் முன்பணம் கட்டிப் போக்குவரத்து அட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்பதே என் ஆலோசனை. கைப்பேசி உயிரை விட்டாலும் அட்டை விடாது. இரவில் பத்தரை மணிக்கு மேல் பல தடங்களில் கடைசி ரயில் போய்விடும் என்பதையும் நினைவில் வைக்கவும்.

தெருவும் திசையும்

நகரின் பழைய மையத்தில் தெருப் பெயர்களில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. நாஞ்சிங், பெய்ஜிங் போன்ற நகரங்களின் பெயர் கொண்டவை பெரும்பாலும் கிழக்கு மேற்காக ஓடும். சிச்சுவான், ஹெனான் போன்ற மாகாணங்களின் பெயர் கொண்டவை வடக்கு தெற்காக ஓடும். நீண்ட தெருக்களைத் துண்டாக்கிக் கிழக்கு, மேற்கு, நடு என்று சேர்த்துச் சொல்வார்கள். கிழக்கு 'துங்', மேற்கு 'ஷீ', தெற்கு 'நான்', வடக்கு 'பெய்', நடு 'சுங்'. இந்த ஐந்து சொற்களைத் தெரிந்துகொண்டால் பாதி ஊர் கைவசம். நடு என்பதன் எழுத்து, ஒரு பெட்டியை நேர்க்கோடு குத்திக்கொண்டு போவதுபோல் இருக்கும். வெளியே போகும் வழி என்பதன் முதல் எழுத்து, ஒரு மலைமேல் இன்னொரு மலையை வைத்தாற்போல் இருக்கும். அடுத்து ஒரு சதுரம் வரும்.

விலாசம் சொல்லும்போது இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தைச் சொல்வது அவர்கள் வழக்கம். அப்படி மாவ்மிங் தெற்கு ரோடும் நான்சாங் ரோடும் சேரும் முனையைத் தேடிப் போனேன். அங்கே நம் ரவீந்திரநாத் தாகூரின் மார்பளவுச் சிலை இருக்கிறது, 2010இல் வைத்தது. அறிமுகமற்ற ஊரில் தெரிந்த முகம் ஒன்றைப் பார்த்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டுமா?

சாலையைக் கடக்கும்போது எச்சரிக்கை தேவை. அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன. நமக்குப் பச்சை விளக்கு எரியும்போதும் வலப்பக்கம் திரும்பும் கார்கள் வந்துகொண்டிருக்கும். மின்சார ஸ்கூட்டர்கள் பூனைபோல் சத்தமில்லாமல் வரும். காதை நம்பாமல் கண்ணை நம்புங்கள்.

டாக்சிக்காரரிடம் 'செஞ்சுரி அவென்யூ' என்று எத்தனை முறை சொன்னாலும் புரியாது. அது ஆங்கிலப் பலகையில் உள்ள பெயர். அவர்களுக்கு அது 'ஷிஜி தாதாவ்'. ஆகவே விலாசத்தைச் சீன எழுத்தில் காட்டுவதே வழி. ஆற்றைக் கடக்க 2 யுவானில் ஃபெர்ரி இருக்கிறது. மேல் தட்டில் நின்றுகொண்டு கரையோரத்துப் பழைய கல் கட்டடங்களைப் பார்த்தால், ஹௌரா காட்டிலிருந்து ஸ்ட்ராண்ட் ரோடைப் பார்ப்பதுபோலவே இருக்கும்.

கடையில் விலை கேட்டால் விரலால் காட்டுவார்கள். கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் நீட்டினால் இரண்டு அல்ல, எட்டு. கட்டை விரலும் சுண்டு விரலும் என்றால் ஆறு. இது தெரியாமல் இரண்டு யுவானை நீட்டி ஒரு பழக்காரரைச் சிரிக்க வைத்தேன்.

சீட்டின் கதை

சீனாவில் வணிகத்துக்காக ஓடிய முதல் ரயில் ஷாங்காயில்தான் ஓடியது. 1876இல் ஆங்கிலேய வணிகர்கள் வூசுங் வரை போட்ட குறுகிய பாதை அது. மறு ஆண்டே சீன அரசு அதை விலைக்கு வாங்கிப் பிடுங்கிப் போட்டது. 1898இல் அதே வழியில் மறுபடியும் பாதை வந்தது. இன்று அந்த வழியின் பெரும் பகுதியில் மெட்ரோவின் 3ஆம் எண் தடம் மேம்பாலத்தில் ஓடுகிறது. பழைய வடக்கு ஸ்டேஷன் இருந்த இடத்தில், அதே சாயலில் ரயில் அருங்காட்சியகம் ஒன்று கட்டியிருக்கிறார்கள். பாவ்ஷான் ரோடு ஸ்டேஷனில் இறங்கினால் பக்கம். ரயில்வேக்காரன் போகாமல் இருப்பேனா? போனேன்.

மாலையில் திரும்பும்போதுதான் வினை. பாவ்ஷான் ரோட்டில் 3ஆம் எண் ரயிலும் 4ஆம் எண் ரயிலும் ஒரே பிளாட்பாரத்துக்கு, ஒரே தண்டவாளத்தில் வருகின்றன. அதன்பிறகு பிரிகின்றன. நான் போக வேண்டியது 4. பிடுங்கிப் போட்ட பாதையின் நினைவிலேயே வந்த ரயிலில் ஏறிவிட்டேன். எழுத்தறிவு கைவிட்டாலும் தொழிலறிவு கைவிடவில்லை. 4ஆம் எண் தடம் பாவ்ஷான் ரோட்டைத் தாண்டியதும் சரிவில் இறங்கிச் சுரங்கத்துக்குள் போக வேண்டும், ஆற்றுக்கடியில் போவதற்கு. இந்த ரயிலோ இறங்குவதாகக் காணோம். கூரைகளுக்கு மேலேயே ஓடிக்கொண்டிருந்தது. சந்தேகப்பட்டு, கூட்டத்தில் நகர்ந்து, ஒரு வழியாக ஜியாங்வானில் இறங்கினேன்.

கைப்பேசியை எடுத்தால் அது எப்போதோ அணைந்திருந்தது. வரைபடம் இல்லை, மொழிபெயர்ப்பு இல்லை, மகளைக் கூப்பிட வழியில்லை. நன்றாக இருட்டிவிட்டது. சுற்றிலும் பலகைகள். ஆங்கிலத்திலும் பெயர்கள் இருந்தன, ஆனால் பதற்றத்தில் ஒன்றும் கண்ணில் தங்கவில்லை. மனைவி என்ன நினைப்பாளோ என்ற கவலை வேறு. சற்று நேரம் கழித்துத்தான் கவனித்தேன், என் கையில் அந்தச் சீட்டு இருந்தது. எப்போது பையிலிருந்து எடுத்தேன் என்று தெரியவில்லை. கசங்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தேன்.

அப்போது அம்மாவின் நினைவு வந்தது. 1984இல் நான் கரக்பூரில் இருந்தேன். அம்மா மதராஸிலிருந்து ஹௌரா மெயிலில் தனியாக வந்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. என் குவார்ட்டர்ஸ் விலாசத்தை ஆங்கிலத்திலும் இந்தியிலும், நண்பர் ஒருவரைக் கொண்டு வங்காளியிலும் ஒரு சீட்டில் எழுதி முன்பே அனுப்பியிருந்தேன். வண்டியிலிருந்து இறங்கியபோது சீட்டு அவள் கையிலேயே இருந்தது. வியர்வையில் மை கலைந்து பாதி எழுத்தைக் காணோம். "ஏம்மா, இதைக் கையிலேயே பிடிச்சுக்கிட்டு வரணுமா? பையில வைக்கக் கூடாதா?" என்று கோபித்துக்கொண்டேன். "உனக்கு ஊரெல்லாம் போர்டு இருக்கு. எனக்கு இது ஒண்ணுதாண்டா போர்டு" என்றாள். அன்று அதைச் சிரித்துக் கடந்துவிட்டேன்.

ஜியாங்வானில் சீருடையில் நின்ற இளம் பெண்ணிடம் சீட்டை நீட்டினேன். படித்துப் பார்த்தாள். பேசிப் பயனில்லை என்று புரிந்துகொண்டு சீட்டின் பின்பக்கம் '3' என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, '4' என்று எழுதினாள். பிறகு எதிர்ப் பிளாட்பாரம் வரை கூடவே வந்து, ரயில் வரும் வரை நின்று, ஏற்றிவிட்டுப் போனாள். பாவ்ஷான் ரோட்டில் இறங்கி, இந்த முறை எண்ணைப் பார்த்து 4இல் ஏறினேன். ரயில் சரிவில் இறங்கியதும்தான் எனக்கு மூச்சு வந்தது. வீட்டில் மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

ஆகவே அன்பர்களே, ஷாங்காய் போகிறவர்கள் கைப்பேசியில் எல்லா வசதியும் செய்துகொண்டு போங்கள். கூடவே சீன எழுத்தில் விலாசம் எழுதிய சீட்டு ஒன்று, போக்குவரத்து அட்டை ஒன்று, நூறு இருநூறு யுவான் ரொக்கம், கைப்பேசிக்குச் சார்ஜ் ஏற்றும் பவர் பேங்க் ஒன்று ஆகியவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்தை விட்டு எண்ணைப் பிடித்துக்கொண்டால் எங்கும் போய் வரலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் ஹௌரா ஸ்டேஷனில் கையில் சீட்டோடு நின்று, போகிற வருகிறவர்களிடம் நீட்டுகிறவர்களை நாம் தினமும் பார்க்கிறோம். அவசரத்தில் நானும் எத்தனையோ முறை கையை அசைத்துவிட்டுப் போயிருக்கிறேன். இப்போது நின்று வாங்கிப் படிக்கிறேன். இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆவதில்லை.