கணவர் இறந்த பிறகு வீடு யாருக்கு? மனைவிக்கு எவ்வளவு பங்கு? சட்டம் சொல்வது என்ன?

கணவர் பெயரில் வீடு. உயில் எழுதாமலே அவர் இறந்துவிடுகிறார். காரியம் முடிந்த கையோடு பல வீடுகளில் ஒரு பேச்சு வரும். "அம்மா எங்களோடதானே இருக்கப் போறாங்க, ஒரு கையெழுத்து மட்டும் போட்டுட்டா போதும்." அந்தக் கையெழுத்தைப் போடும் முன், வீட்டில் மனைவிக்கு என்ன உரிமை இருக்கிறது என்று பார்ப்போம்.

மனைவிக்கா, மகனுக்கா?

இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி, கணவர் சொந்தமாக வாங்கிய வீடு என்றால் மனைவி, மகன், மகள், கணவரின் தாய் எல்லோருக்கும் சம பங்கு. நான்கு பேர் இருந்தால் ஆளுக்கு கால் பங்கு. மகளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்பதால் பங்கு போகாது. மாமியாரைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள். அவர் கையெழுத்து இல்லாமல் வீட்டை விற்றால் வாங்கியவருக்கும் சிக்கல்தான். மாமனாருக்கு இந்த வரிசையில் இடமில்லை.

மனைவிக்கு வரும் பங்கு, 'உயிரோடு இருக்கிற வரை அனுபவிச்சுக்கோ' என்கிற கணக்கு அல்ல. பிரிவு 14-ன்படி அது அவருடைய முழுச் சொத்து. விற்கலாம், உயிலும் எழுதலாம். மறுமணம் செய்துகொண்டாலும் அந்தப் பங்கு கைவிட்டுப் போகாது.

2005 வரை இதில் ஒரு முட்டுக்கட்டை இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டில், ஆண் வாரிசுகள் பாகம் பிரிக்க முன்வரும் வரை பெண்கள் பிரித்துக் கேட்க முடியாது. அந்தப் பிரிவை அந்த ஆண்டு திருத்தத்தில் நீக்கிவிட்டார்கள். இப்போது மனைவியே கேட்கலாம்.

அந்தக் கையெழுத்து எதில்?

பெரும்பாலும் விடுதலைப் பத்திரத்தில். 'என் பங்கை விட்டுக்கொடுக்கிறேன்' என்று எழுதிப் பதிவு செய்வது. பதிவான பிறகு மனசு மாறினால், ரத்து செய்யச் சொல்லி சிவில் கோர்ட்டுக்குத்தான் போகணும். ஏமாற்றி வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் சுமையும் அம்மா தலையில்தான். பிள்ளைகள் மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்தாலும், குடியிருக்கும் வீட்டுக்கு இதைப் போட அவசரமே இல்லை. பிள்ளைகள் மைனர் என்றால் அவர்கள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும். அம்மா கையெழுத்து மட்டும் போதாது.

உயில் இருந்தால் கதை வேறு. சொந்தச் சம்பாத்தியத்தை யாருக்கு வேண்டுமானாலும் அவர் எழுதி வைக்கலாம். நாமினியாகப் பெயர் இருப்பது மட்டும் உரிமை ஆகாது.

வீடு மாமனார் பெயரில் இருந்தால்?

மாமனார் உயிரோடு இருக்கும்போது, அவர் சொந்தமாக வாங்கிய வீட்டில் மருமகளுக்குப் பங்கு இல்லை. ஆனால் அதற்காக வெளியே தள்ளிவிட முடியாது. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, பகிர்ந்து வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையைத் தருகிறது. கணவரை இழந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது.

மனைவி இறந்தால்?

அவர் பெயரிலுள்ள வீடு கணவருக்கும் பிள்ளைகளுக்கும் சமமாகப் போகும். பிள்ளை இல்லாதவர் என்றால், பெற்றோரிடமிருந்து வாரிசாக வந்த சொத்து கணவருக்குப் போகாது, அவருடைய அப்பாவின் வாரிசுகளுக்கே திரும்பும்.

மற்ற மதத்தினருக்கு?

பிள்ளைகள் இருந்தால் கிறிஸ்தவ மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, முஸ்லிம் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு.

முதலில் என்ன செய்யணும்?

இ-சேவை மையம் வழியாக தாசில்தாரிடம் வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். மனைவி, தாய் பெயர்கள் விடுபடாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எல்லா வாரிசுகள் பெயரிலும் பட்டா மாற்றக் கேளுங்கள். மூலப் பத்திரம் உங்கள் கையில் இருக்கட்டும். வக்கீல் செலவுக்கு வழியில்லையா? மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம்.