எலும்புக்கு வெளியே ஒளியும் இரத்தப் புற்றுநோய்



தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு குடும்பத்தை மனத்தில் எண்ணிக் கொள்ளுங்கள். 12 வயது மகனுக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. மருந்து கொடுத்தும் நோய் முழுதாக அடங்கவில்லை. குருத்தணு மாற்றுச் சிகிச்சை செய்யவேண்டும் என்றார் டாக்டர். உடன்பிறந்தவர் ஒருவருடைய அணு மற்றவருக்கு முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்புத்தான் உண்டு. நல்லகாலம், அக்காளுடையது பொருந்தியது. அவளிடமிருந்து எடுத்துத் தம்பிக்கு ஏற்றினார்கள். சில மாதங்களில் பையன் வீடு திரும்பினான். பள்ளிக்கூடமும் போகத் தொடங்கினான். இரண்டு வருடம் ஓடியது. ஒரு நாள் காலையில் பார்த்தால் அவன் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருக்கிறது. காற்று அடித்துவிட்டது என்று பாட்டி எண்ணெய் காய்ச்சுகிறார். "போன வாரந்தானே இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்களே!" என்கிறார் அப்பா.

இருவர் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. சாதாரணப் பிள்ளைக்கும் முகம் கோணுவது உண்டு. அது சில வாரங்களில் தானாகச் சரியாவதும் உண்டு. ஆனால் இந்தப் பையனை அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டு போகவேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜைதான் இரத்தத்தின் நாற்றங்கால். அங்குள்ள குருத்தணுக்களிலிருந்துதான் சிவப்பணு, வெள்ளணு எல்லாம் முளைத்து வருகின்றன. நாற்றங்கால் கெட்டுப்போனால் என்ன செய்வோம்? இருப்பதை அழித்துவிட்டுப் புதிய நாற்று இடுவோம். அதைத்தான் டாக்டர்களும் செய்கிறார்கள். இந்த முயற்சியின் முன்னோடியான அமெரிக்க டாக்டர் டொன்னல் தாமஸ் 1957ஆம் ஆண்டில் தம் முதல் அனுபவங்களை வெளியிட்டார். அதற்காக 1990இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. நம் நாட்டில் 1987இல், கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவமனையில், இச்சிகிச்சை தொடங்கியது.

இப்போது ஒரு முக்கியமான செய்தி. அக்காள் கொடுத்த அணுக்கள் இரத்தம் உற்பத்தி செய்வதோடு நிற்பதில்லை, காவலும் பார்க்கின்றன. தம்பியின் பழைய புற்றணு எங்காவது தலைதூக்கினால், இது வேற்றாள் என்று கண்டு அழிக்கின்றன. நோய் திரும்பாமல் இருப்பதற்கு இந்தக் காவலும் பெரிய காரணம். ஆனால் இக்காவல் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. மஜ்ஜையில் பலமாக இருக்கிறது. மற்ற இடங்களில் சில சமயம் தளர்ந்துவிடுகிறது. போதாக்குறைக்கு, மூளைக்கும் விதைக்கும் இயற்கையே ஒரு வேலி போட்டு வைத்திருக்கிறது. இரத்தத்தில் ஓடும் மருந்துகளில் பல அந்த வேலியைத் தாண்டி உள்ளே போவதில்லை.

லாலாங் புல்லோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். நிரையெல்லாம் சுத்தமாகத் தெரியும். கங்காணியும் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவார். கான் ஓரத்து மண்ணுக்குள் கிடந்த விரல் நீளக் கிழங்கு மட்டும் யார் கண்ணிலும் படாமல் மழைக்குக் காத்திருக்கும். அப்பா சொன்ன இரத்தச் சோதனை நிரையைப் பார்த்த கதைதான். அது பொய்யல்ல, ஆனால் கான் ஓரத்தை அது பார்க்கவில்லை.

இப்படி எலும்புக்கு வெளியே நோய் திரும்புவது மாற்றுச் சிகிச்சை செய்தவர்களில் சிலருக்கே நேர்கிறது. மஜ்ஜையில் திரும்பும் நோயைவிட இது பெரும்பாலும் காலந்தாழ்த்தி வருகிறது. குடும்பம் பயம் தெளிந்து நிம்மதியாக இருக்கும் காலத்தில் வருவதுதான் இதில் உள்ள கொடுமை.

மூளையைச் சுற்றிய நீரில் புகுந்தால், விடாத தலைவலி, காலை நேரத்து வாந்தி, கண்ணுக்கு ஒன்று இரண்டாகத் தெரிவது, முகம் கோணுவது, மோவாய் மரத்துப் போவது போன்றவை தோன்றும். தோலில் வந்தால் செந்நீல நிறத்தில் கெட்டியான முடிச்சுகள் எழும்பும். அம்மை போட்டிருக்கிறது என்று வேப்பிலை செருகி வைத்துவிடுவோம். உண்மையிலேயே அம்மையாக இருந்தாலும் இப்பிள்ளைகளுக்கு அது ஆபத்தானதே. ஆகவே எப்படிப் பார்த்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. ஈறு வீங்கலாம், கண் பிதுங்கலாம், பெண்களுக்கு மார்பில் கட்டி தோன்றலாம். முதுகுவலியோடு கால் தளர்ந்து, சிறுநீர் கட்டிக்கொண்டால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. முதுகுத் தண்டைக் கட்டி அழுத்துகிறது என்று பொருள்படலாம்.

ஆண் பிள்ளைகள் விஷயத்தில் ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். விதை வீங்கிக் கெட்டியாகும்; வலி இராது. 12, 13 வயதுப் பையன் தானே குளிக்கிறான், தானே உடுத்துகிறான். தாய்க்கு எப்படித் தெரியும்? வலியும் இல்லை, வெட்கம் வேறு. அவன் வாய் திறக்கமாட்டான். தகப்பனோ மாமனோதான் அவ்வப்போது தனியாக அழைத்துக் கேட்கவேண்டும்.

சரி, மருத்துவமனையில் என்ன செய்வார்கள்? முகம் கோணிய பையனுக்கு மூளையைக் காந்தப் படம் எடுப்பார்கள். பிறகு இடுப்புக்குப் பின்னால், முதுகெலும்புகளுக்கு இடையில் மெல்லிய ஊசி செலுத்திச் சிறிது நீர் எடுப்பார்கள். முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்று பயந்து கையெழுத்துப் போட மறுப்பவர்கள் உண்டு. முதுகுத் தண்டு இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடம் அதற்கும் கீழே. அங்கே நீரும் நரம்பு இழைகளுந்தான் இருக்கின்றன. சிலருக்கு இரண்டொரு நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான். எடுத்த நீரில் புற்றணு இருக்கிறதா என்று உருப்பெருக்கியிலும் வேறு கருவியிலும் பார்ப்பார்கள். முதல் தடவை ஒன்றும் அகப்படாமல் மறு தடவை அகப்படுவதும் உண்டு. ஆகையால் மீண்டும் எடுக்கவேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரியவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

கட்டி என்றால் அதிலிருந்து சதை எடுத்துத்தான் ஆகவேண்டும். மாற்றுச் சிகிச்சை செய்தவர் உடம்பில் கட்டி தோன்ற வேறு காரணங்களும் உள்ளன. சீழ்க்கட்டியாக இருக்கலாம், காசநோயாக இருக்கலாம், நிணநீர்ப் புற்றாகவும் இருக்கலாம். தோல் தடிப்பு என்றால், கொடுத்தவரின் அணுக்கள் வாங்கியவரின் தோலையே தாக்குவதாலும் வரலாம். ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. சில சமயம் ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து மற்றதைக் கெடுக்கும். கண்ணால் பார்த்து இன்னது என்று சொல்ல முடியாது.

இந்தக் கட்டிகளைப் பற்றிய அறிவு இன்று நேற்று வந்ததல்ல. பர்ன்ஸ் என்ற மருத்துவர் 1811லேயே எழுதி வைத்தார். சிலவற்றை வெட்டிப் பார்த்தால் பச்சையாக இருந்ததால், 1853இல் கிங் என்பவர் பச்சைக் கட்டி என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். அந்தப் பச்சை, மைலோபெராக்சிடேஸ் என்ற நொதியால் வருவது. சதைத் துண்டில் அந்த நொதி இருக்கிறதா என்று சாயம் போட்டுப் பார்ப்பது இன்றும் ஒரு முக்கியமான சோதனை. அப்படிப் பார்க்காவிட்டால் நிணநீர்ப் புற்று என்று தவறாக எண்ணிவிட இடமுண்டு. அதனால்தான், வேறொரு கிளினிக்குக்குப் போனாலும் பழைய நோயின் கடிதத்தைக் கையோடு கொண்டுபோய், "இவனுக்குக் குருத்தணு மாற்றினார்கள்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லவேண்டும்.

இன்னொரு வியப்பான சோதனையும் இருக்கிறது. பையனின் இரத்தத்தைச் சோதித்தால் அதில் உள்ள அணுக்கள் பெண்ணின் அணுக்கள், அக்காளுடையவை அல்லவா? கட்டியில் உள்ள புற்றணுக்களைப் பார்த்தால் அவை ஆணின் அணுக்களாக இருக்கும். பழைய பகைவனே மறைந்திருந்திருக்கிறான் என்பது அதனால் உறுதிப்படும்.

நோய் ஓரிடத்தில் பிடிபட்டால் வேறு எங்கே இருக்கிறது என்று தேடவேண்டும். சர்க்கரையோடு சிறிது கதிர்ப்பொருளைச் சேர்த்து ஊசி மூலம் ஏற்றி, உடம்பு முழுவதையும் படம் எடுக்கிறார்கள். புற்றணு சர்க்கரையை அதிகம் இழுப்பதால் அவ்விடம் பளிச்சென்று தெரியும். சீழ் பிடித்த இடமும் அப்படித் தெரியக்கூடும் என்பதால், படத்தை மட்டும் வைத்து முடிவு கட்டுவதில்லை. மஜ்ஜையையும் மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். அது இன்று சுத்தமாக இருந்தாலும், விட்டுவைத்தால் அங்கேயும் நோய் பரவுவதே பெரும்பாலும் நடக்கிறது. பரவுமுன் பிடித்தால் வைத்தியத்துக்கு இடம் அதிகம்.

வைத்தியம் எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். கட்டிக்குக் கதிர்ச் சிகிச்சை, முதுகு நீருக்குள் மருந்து, உடம்பு முழுவதற்கும் மருந்து என்று பலவற்றைச் சேர்த்துச் செய்கிறார்கள். தளர்ந்த காவலுக்கு ஆள் கூட்டுவதுபோல, முன்பு கொடுத்தவரிடமிருந்தே வெள்ளணுக்களை வாங்கி மீண்டும் ஏற்றுவதும் உண்டு. அது எல்லாருக்கும் பலிப்பதில்லை. பலித்தாலும், வந்த அணுக்கள் தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும் அபாயம் உண்டு. அந்த முடிவுக்கு டாக்டர் வந்தால் அக்காளை மறுபடியும் அழைப்பார்கள். இந்தத் தடவை இடுப்பெலும்பில் ஊசி போட வேண்டியதில்லை. கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் வெள்ளணுவைப் பிரித்துக்கொண்டு, மிச்சத்தை அவளுக்கே திருப்பி ஏற்றிவிடுவார்கள்.