பெரிய திரையும் அளவான ஒளியும்

தென்பெண்ணையாற்றின் கரையில் அமைந்த பழம்பதி திருக்கோவிலூர். இன்று அது கள்ளக்குறிச்சி மாவட்டத்தைச் சார்ந்தது. முதலாழ்வார் மூவரும் மழை பெய்த ஓர் இரவில் இவ்வூர் இடைகழி ஒன்றில் சந்தித்தனர் என்பது மரபு. ஒருவர் படுக்கலாம், இருவர் இருக்கலாம், மூவர் நிற்கலாம் என்னும் அளவினது அவ்விடம். அவர்கள் இடத்தின் அளவறிந்து அமைந்தனர். இந்நாளில் அவ்வூர் வீடு ஒன்றிற்கு அகன்ற தொலைக்காட்சிப் பெட்டி வந்து சேரும்போதும் அவ்வளவறிதலே முதலில் வேண்டப்படுகிறது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1959 ஆம் ஆண்டில் தில்லியில் தொடங்கிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15 ஆம் நாள் ஒளிபரப்பைத் தொடங்கியது. வண்ண ஒளிபரப்பு 1982 இல் வந்தது. 2006 முதல் தமிழ்நாட்டு அரசு 14 அங்குல வண்ணப் பெட்டிகளை இலவசமாக வழங்கியபோது, சிற்றூர்க் குடிசைகளிலும் அது இடம்பெற்றது. இப்பொழுது பலர் வாங்கும் 55 அங்குலத் திரையோ, பரப்பில் அதனினும் பத்து மடங்குக்கு மேற்பட்டது. ஆதலின் அன்று பொருட்படுத்தாது விட்ட பிழைகள் இன்று கண்ணை உறுத்துகின்றன.

திரையின் அங்குலக் கணக்கு மூலைக்கு மூலை அளப்பதாகும். 55 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ நான்கடி. அதனைச் சுமார் ஏழடி தொலைவிலிருந்து காண்பது நன்று. அமர்ந்திருப்பவரின் கண்ணுயரத்திற்குத் திரையின் நடுப்பகுதி நேராதல் வேண்டும். பாயில் அமர்ந்து காணும் வீட்டில், நிலைவாயிலுக்கு மேலே பெட்டியை மாட்டினால் கழுத்து நோவும். சன்னல் திரைக்கு எதிரே இருப்பின் அதன் நிழல் திரையில் விழும். திரைக்குப் பின்னே இருப்பின் கண் கூசும். பக்கவாட்டில் இருத்தலே தக்கது.

இனி ஒன்றை மறவாதீர்கள். இப்பெட்டிகள் அகலமாகவும் மெல்லியனவாகவும் இருத்தலின், சிறு குழந்தை பற்றி இழுத்தால் கவிழ்ந்து அதன்மேல் விழக்கூடும். ஆகவே மேசைமேல் வைப்போர் வார் கொண்டு சுவரோடு பிணித்தல் வேண்டும். சுவரில் மாட்டுவோர் உறுதியான செங்கற் சுவரைத் தேர்தல் வேண்டும். பெட்டியைத் தூக்க இருவர் தேவை. கண்ணாடிப் பரப்பை விரலால் அழுத்தலாகாது. இடி மின்னல் நேரத்தில் மின்னிணைப்பையும் கம்பி இணைப்பையும் கழற்றிவிடுதல் நலம்.

பெட்டியை முதன்முதல் இயக்கும்போது, "வீடா, கடையா?" என்று பல பெட்டிகள் வினவும். வீடு என்பதையே தேர்க. கடையில் வரிசையாக நிற்கும் பெட்டிகளுள் ஒன்று மற்றொன்றை வெல்ல வேண்டி, அளவுக்கு மிஞ்சிய ஒளியும் நீலம் கலந்த வெண்மையும் காட்டுகின்றது. வீட்டில் அது வேண்டா. படப்பட்டியலில் 'விவிட்' என்பதை விடுத்துச் 'சினிமா' என்பதைக் கொள்க. முதல் நாள் படம் மஞ்சளாகத் தோன்றும். சில நாட்களில் கண் பழகிவிடும். அதுவே உண்மைக்கு அணித்தான வண்ணம்.

பின்பு ஒவ்வொன்றாகத் திருத்துக. இரவுக் காட்சியில் கருங்கூந்தலைப் பாருங்கள். மயிரிழைகள் மறையாமலும், கருமை சாம்பல் நிறமாகாமலும் 'பிரைட்னஸ்' நிற்றல் வேண்டும். வெள்ளை வேட்டியைப் பாருங்கள். அதன் மடிப்புகள் தெரியும் அளவில் 'கான்ட்ராஸ்ட்' நிற்க. முகத்தின் நிறம் இயல்பாகும்வரை வண்ணத்தைக் குறைக்க. உருவங்களின் ஓரத்தில் வெண்கோடு படர்ந்தால் 'ஷார்ப்னஸ்' மிகுந்தது என்றறிக. திரைப்படம் நொடிக்கு 24 படங்களாக ஓடுவது; இடையே தானே படங்களைப் புனைந்து செருகும் வசதியை நிறுத்தினால் அதன் இயல்பான ஓட்டம் தோன்றும்.

இறுதியாக, நம் தேசியக் கொடியின் சக்கரம் திரையில் வட்டமாக இருக்கிறதா என்று காண்க. முட்டை வடிவாயின், 4:3 வடிவப் படத்தை 16:9 திரை முழுதும் இழுத்திருக்கிறோம் என்பது பொருள். அகலம் மூன்றில் ஒரு பங்கு மிகுந்துவிட்டது. 1952 இல் வெளிவந்த பராசக்தி போன்ற பழம்படங்களில் இருபுறமும் கரும்பட்டை நிற்பது குறையன்று. நடிகர் தம் உருவிலேயே தோன்றுகின்றனர்.

மாணவர்களே! விலையுயர்ந்த பெட்டியும் அளவறியாதவர் கையில் பொய்க்காட்சியையே தரும். எளிய பெட்டியும் அளவறிந்தவர் கையில் மெய்க்காட்சியைத் தரும். இத்தனைக்கும் ஆவது அரைமணி நேரமும், சிறிது பொறுமையும், ஓர் அளவுநாடாவுமே. கற்ற நீங்களே முன்னின்று, உங்கள் வீட்டிலும் அண்டை வீட்டிலும் இதனைச் செய்து காட்டலாம்.