கறுப்பு ஏன் விழவில்லை?

சென்ற மாதம் வாலிபர் கூட்டம் முடிந்ததும் நாங்கள் ஆறு பேர் பில்லியர்ட்ஸ் கிளப்புக்குப் போனோம். எங்களில் இளையவன், ஒன்பதாம் வகுப்புத் தம்பி, கடைசிக் கறுப்புப் பந்துக்காகக் குனிந்து நின்றான். மேசையில் வேறு பந்து இல்லை. போட்டால் வெற்றி. வெள்ளைப் பந்து, கறுப்பு, குழி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் இருந்தன. இடைவெளி ஒன்றரை மீற்றர் இருக்கும். அவன் மூச்சைப் பிடித்து, கோலின் நுனியை வெள்ளையின் நடுவிலிருந்து கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்தி, அழகாக அடித்தான். கறுப்பு குழியின் இடது உதட்டில் மோதி வெளியே வந்தது.

“நான் நேராத்தான் அண்ணா பாத்தனான். ஏன் போகேல்லையெண்டு தெரியேல்ல.”

“ஏன் இடப்பக்கம் அடிச்சனீ?”

“சைட் குடுத்தால்தானே உள்ளுக்குப் போகும்?”

இந்தக் கட்டுரை அவனுக்காகத்தான். ஆனால் அவனைப்போல நினைக்கிறவர்கள் நம் சபையில் வேறு பலரும் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். இளைஞர் கழகத்துப் பூல் மேசையைச் சுற்றி நிற்கும்போது உங்கள் பேச்சு காதில் விழத்தான் செய்கிறது.

சைட் என்றால் பக்கச் சுழற்சி. வெள்ளைப் பந்தின் நடுவில் அடிக்காமல் இடப்பக்கமோ வலப்பக்கமோ அடித்தால், பந்து போகும்போதே பம்பரம்போலத் தன்னைத்தானே சுற்றும். பள்ளிக்கூடத்தில் உங்கள் டெனிஷ் நண்பர்கள் எல்லாச் சுழற்சிக்கும் ‘ஸ்க்ரு’ என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார்கள். ரிவியில் ஆங்கில வர்ணனையாளர் ‘ஸ்க்ரூ’ என்றால் அது வேறு. வெள்ளையின் கீழ்ப்பகுதியில் அடித்துப் பின்னால் இழுப்பதை மட்டுமே அவர் சொல்கிறார். இரண்டையும் குழப்பிக்கொண்டு பயிற்சிக் காணொளி பார்த்தவர்களை எனக்குத் தெரியும். அமெரிக்கர்களோ பக்கச் சுழற்சியை ‘இங்கிலிஷ்’ என்கிறார்கள்!

இனித் தம்பியின் அடிக்கு வருவோம். ஸ்னூக்கர் பந்தின் விட்டம் 52.5 மில்லிமீற்றர். நடுவிலிருந்து ஏறக்குறைய 13 மில்லிமீற்றருக்கு மேல் தள்ளி அடித்தால் கோல் வழுக்கிவிடும். எல்லா வித்தையும் அந்த 13 மில்லிமீற்றருக்குள்தான். இடப்பக்கம் அடித்தவுடன் முதலில் நடப்பது, வெள்ளைப் பந்து கோல் பார்த்த திசையில் போகாமல் சற்று வலப்பக்கமாக விலகிப் புறப்படுவது. கண்ணுக்குத் தெரியாத விலகல் இது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரேயொரு பாகை விலகினாலும், ஒன்றரை மீற்றர் போய்ச் சேரும்போது அது 26 மில்லிமீற்றர் ஆகிவிடும். அதாவது பாதிப் பந்து! நேரே முழுப் பந்தில் படவேண்டிய அடி பாதிப் பந்தில் படுகிறது. குழியின் வாயோ ஒன்பது சென்ரிமீற்றர்கூட இல்லை.

விலகிப் புறப்பட்ட பந்து அப்படியே போவதும் இல்லை. மேசையின் விளிம்பு உயரமாக இருப்பதால் கோலின் பின்பக்கம் எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கித்தான் இருக்கும். அதனால் அடி சற்றுக் கீழ்நோக்கி இறங்குகிறது. இடச்சுழற்சி கொண்ட பந்து துணியில் உரசி, மெல்ல வளைந்து இடப்பக்கம் திரும்பி வரப் பார்க்கிறது. மெதுவாக அடித்தால் அது வளைவதற்கு நேரம் இருக்கிறது, ஓரளவு கோட்டுக்குத் திரும்பிவிடும். பலமாக அடித்தால் வளையுமுன்னே போய் மோதிவிடும். இதனால்தான் நேற்று விழுந்த அதே அடி, இன்று கொஞ்சம் வேகம் கூடியதும் விழாமல் போகிறது. “கண் பிழைச்சிட்டுது” என்று நாம் சொல்லிக்கொள்வோம். பாவம், கண் ஒரு பிழையும் செய்யவில்லை.

மோதும் கணத்திலும் ஒன்று நடக்கிறது. இடச்சுழற்சியோடு வரும் வெள்ளையின் முன்பக்கம் வலப்பக்கமாக நகர்ந்துகொண்டிருக்கும். அது கறுப்பைத் தொடும்போது உராய்வினால் கறுப்பையும் சிறிது வலப்பக்கம் இழுத்துவிடுகிறது. பந்துகள் அழுக்காக இருந்தால், அல்லது தொடும் இடத்தில் சோக் தூள் ஒட்டியிருந்தால், இழுப்பு இன்னும் கூடும்.

ஆக, புறப்படும்போது ஒரு பக்கம், போகும்போது மறுபக்கம், மோதும்போது இன்னொரு தள்ளல். சில நேரம் இவை ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும், சில நேரம் ஒன்றோடொன்று கூடும். தூரம், வேகம், துணி, கோல் எது மாறினாலும் கணக்கு மாறும். போதாததற்கு ஸ்னூக்கர் துணிக்குக் கறுப்புப் பந்தின் பக்கம் படிந்த மெல்லிய மயிர் உண்டு. அதற்கு எதிராக மெதுவாக உருட்டினால் சுழற்சியின் வளைவு தலைகீழாகிவிடும். பூல் துணியில் இந்தத் தொல்லை இல்லை.

அப்படியென்றால் பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் சைட் கொடுக்கிறார்கள்? அடுத்த பந்துக்காக. சிவப்பைப் போட்ட பின் வெள்ளை எங்கே போய் நிற்கும் என்பதுதான் அவர்களுடைய கவலை. குஷனில் நேராகப் போய் மோதும் பந்து, இடச்சுழற்சி இருந்தால் இடப்பக்கமாகத் திரும்பும், வலச்சுழற்சி இருந்தால் வலப்பக்கமாகத் திரும்பும். இப்படித் திரும்பும் கோணத்தைக் கூட்டிக் குறைத்து அடுத்த நிறப் பந்துக்கு இடம் பிடிக்கிறார்கள். சைட் கொடுத்தும் பந்தைப் போடுகிறார்கள் என்பதுதான் சரி. சைட் கொடுத்ததால் போடுகிறார்கள் என்பது பெரும்பாலும் தவறு. நம் தம்பிக்கு அடுத்த பந்து என்று ஒன்றே இருக்கவில்லை!

பெரும்பாலும் என்றுதான் சொன்னேன். சைட் உண்மையிலேயே பந்தைப் போட உதவும் இடங்களும் உண்டு. குழிக்குப் போகும் வழியை இன்னொரு பந்து ஒரு மயிரிழை மறைத்தால், மெதுவாக அடித்து, மோதும் கணத்து இழுப்பினாலேயே நிறப் பந்தைச் சில பாகை தள்ளி உள்ளே விடலாம். வெள்ளைக்கு முன்னால் ஒரு பந்து லேசாகக் குறுக்கே நின்றால், வளைவைப் பயன்படுத்தி அதைச் சுற்றிப் போகலாம். குஷனோடு ஒட்டிக் கிடக்கும் பந்து இன்னொன்று. அங்கே வெள்ளை, பந்தையும் குஷனையும் ஏறக்குறைய ஒன்றாகத் தொடவேண்டும். அப்போது வெள்ளை குஷன் வழியே மேலும் ஓடுவதற்கு உதவும் பக்கத்தில் சுழற்சி கொடுத்தால், கொஞ்சம் பிசகினாலும் பந்து விழ வாய்ப்புக் கூடும் என்று பல பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். என் அனுபவமும் அதுவே. ஆனால் இவையெல்லாம் நூறு அடியில் நாலைந்து.

இந்தச் சுழற்சியின் பின்னால் ஒரு சிறைக்கதை இருக்கிறது. பிரெஞ்சுப் படையில் கப்டனாக இருந்த மிங்கோ என்பவர் சிறையில் இருந்த காலத்தில், அதுவரை வெறும் மரமாக இருந்த கோல் நுனியில் தோல் ஒட்டிப் பார்த்தார். தோல் பந்தைப் பற்றிக்கொண்டது. அதற்குப் பிறகுதான் நடுவை விட்டு விலகி நம்பி அடிக்க முடிந்தது. அவர் வெளியே வந்தது 1807 இல். வித்தை முழுதாகப் பிடிபடும்வரை இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருக்கவிடும்படி கேட்டார் என்று ஒரு கதை உண்டு, நான் அதைப் பாதிதான் நம்புகிறேன். பின்னர் இங்கிலாந்தின் பாத் நகரில் கார் என்ற பில்லியர்ட்ஸ் அறை ஊழியர், சைட் அடிக்க உதவும் ‘முறுக்குத் தூள்’ என்று ஒன்றை நல்ல விலைக்கு விற்றாராம். அது சாதாரண சோக் தூள்தான்! 1835 இல் கோரியோலிஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் பில்லியர்ட்ஸ் பந்தின் ஓட்டத்துக்கென்றே ஒரு முழு நூல் எழுதினார். ஜிம்னேசியத்தில் படிக்கிற நீங்கள் காற்றோட்டத்தைப் பற்றிய பாடத்தில் கேள்விப்படும் அதே கோரியோலிஸ்தான்.

ஸ்னூக்கரோ நம் பக்கத்து விளையாட்டு. 1875 இல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லைன் என்ற இளம் ஆங்கிலேயப் படை அதிகாரி தொடங்கியது. பின்னாளில் பிரதமரான சேம்பர்லைன் வேறு ஆள். விதிகளை எழுதிச் சுவரில் தொங்கவிட்டது 1882 இல், நீலகிரியில், ஊட்டி கிளப்பில். துரைமார் கூடிய இடம் அது. தமிழ்நாட்டு மலையில் விதி எழுதப்பட்ட விளையாட்டைத் தமிழர் கையில் எடுக்க நெடுங்காலம் ஆயிற்று. இலங்கையிலிருந்து எம். ஜே. எம். லாபீர் 1973 இல் பம்பாயில் உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் பட்டம் வென்றார். பில்லியர்ட்ஸ் சைட் இல்லாமல் ஒரு நிமிடமும் நகராத விளையாட்டு. 2017 இல் சிங்கப்பூரில் நடந்த உலகப் பெண்கள் ஸ்னூக்கர் இறுதியாட்டத்தில் இந்தியாவின் வித்யா பிள்ளை, ஹொங்கொங்கின் இங் ஒன் யீயிடம் 5–6 என்று மயிரிழையில் தோற்றார். எட்டு வருடம் கழித்து, 2025 நவம்பரில் டோஹாவில், சென்னையின் அனுபமா ராமச்சந்திரன் அதே இங் ஒன் யீயை 3–2 என்று வென்று ஐபிஎஸ்எஃப் உலகப் பட்டத்தை எடுத்தார். இந்தப் பட்டத்தை வென்ற முதல் இந்தியப் பெண் அவர். மேசைப் பக்கம் வராமல் கோலா குடித்துக்கொண்டு சுவரோரம் நிற்கும் தங்கச்சிமாருக்காகவே இதை எழுதினேன்.

அம்மாமாருக்கும் ஒரு பதில் கடன் இருக்கிறது. ஆராதனை முடிந்து தேநீர் நேரத்தில் ஒரு அன்ரி கேட்டார்: “தம்பி, உது குடிக்கிற இடமல்லோ? பிள்ளையளை ஏன் அங்கை கூட்டிக்கொண்டு போறீர்?” நியாயமான கேள்வி. சில இடங்கள் அப்படித்தான். மதுச்சாலைக்குள் ஒரு மேசை போட்டிருப்பார்கள், அங்கே நாங்கள் போவதில்லை. புகை பற்றிய சட்டம் 2007 ஓகஸ்ட்டில் வந்தபின், கிளப்புகளில் பழைய புகைமூட்டமும் இல்லை. காசு வைத்து விளையாடுவதில்லை என்பது எங்களுக்குள் முதல் விதி. அந்த அன்ரியை ஒருநாள் கூடவே வரச் சொல்லியிருக்கிறேன். வருவதாகச் சொல்லியிருக்கிறார், பயமாகத்தான் இருக்கிறது.

இனித் தம்பிக்குக் கொடுத்த வேலை. நம்மில் அதிகம் பேர் தோற்பது வேண்டுமென்று கொடுத்த சைட்டினால் அல்ல, தெரியாமல் கொடுத்த சைட்டினால். நடுவில் அடிக்கிறோம் என்று நினைப்போம், நுனி மூன்று மில்லிமீற்றர் தள்ளிப் பட்டிருக்கும். இதைப் பிடிக்க ஒரு பழைய பயிற்சி உண்டு. மற்றப் பந்துகளை எடுத்துவிட்டு வெள்ளையைப் பழுப்புப் புள்ளியில் வையுங்கள். நீலம், இளஞ்சிவப்பு, கறுப்புப் புள்ளிகளின் மேலாக நேரே மேல் குஷனுக்கு அடியுங்கள். அடித்த பின் கோலை அசைக்காமல் அப்படியே வைத்திருங்கள். பந்து திரும்பி வந்து கோல் நுனியைத் தொடவேண்டும். போகும்போது கறுப்புப் புள்ளியின் மேலாகச் சரியாகப் போய், வரும்போது வலப்பக்கம் விலகி வந்தால், நீங்கள் அறியாமல் வலச்சுழற்சி கொடுத்திருக்கிறீர்கள். போகும்போதே புள்ளியைத் தவறவிட்டால் முதலில் குறியைச் சரிபாருங்கள்.

பூல் மேசைதான் கிடைக்கிறது என்றால் இன்னும் எளிது. பட்டை போட்ட பந்து ஒன்றை வெள்ளைக்குப் பதிலாக வைத்து, பட்டை செங்குத்தாக, அடிக்கும் திசையை நோக்கி நிற்கும்படி திருப்புங்கள். நடுவில் அடித்தால் பட்டை தள்ளாடாமல் சக்கரம்போல உருளும். கொஞ்சம் சைட் பட்டாலும் ஆடத் தொடங்கிவிடும். ஏமாற்ற முடியாது.

முதல் நாள் தம்பி பத்து அடி அடித்தான். ஒன்றுகூடத் திரும்பி வந்து கோலைத் தொடவில்லை. எல்லாமே இடப்பக்கம். நிற்கும் நிலையைப் பார்த்தால், வலது முழங்கை உடம்பை விட்டு வெளியே போயிருந்தது. அதைத் திருத்தினோம். போன வெள்ளிக்கிழமை பத்தில் நாலு வந்து தொட்டது. நான் அடித்துப் பார்த்தேன், எனக்கு ஐந்து. “அண்ணாவுக்கும் முழங்கை வெளியிலைதான்” என்றான்.