சாப்பாடு ஏன் இறங்கவில்லை?

புற்றுநோயால் இளைத்துப்போனவர்களின் எடையை ஏற்ற ஓர் ஊசி வந்துவிட்டது என்ற செய்தி 2024 செப்டம்பரில் உலகம் முழுக்கச் சுற்றியது. மருந்தின் பெயர் பொன்செக்ரோமேப், ஃபைசர் நிறுவனத்துடையது. நுரையீரல், கணையம், பெருங்குடல் புற்றுநோய்களால் எடை இழந்த 187 பேரிடம் 12 வாரம் சோதித்தார்கள். மருந்தை அதிக அளவில் பெற்றவர்களுக்கும் மருந்தில்லாத ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கும் இடையே எடையில் ஏறத்தாழ 2.8 கிலோ வித்தியாசம் இருந்தது. இது இரண்டாம் கட்டச் சோதனைதான். 187 பேரை வைத்து ‘அதிசய மருந்து’ என்று எழுதுவது அவசரம். ஆனால் அந்த ஊசி எதைப் பிடித்து நிறுத்தியதால் பசி திரும்பியது என்பது ஆற அமரப் படிக்க வேண்டிய சேதி. நோயாளியான முதியவரைப் பற்றி நம் வீடுகளில் வேரூன்றிய ஓர் எண்ணத்தை அது அசைத்துப் பார்க்கிறது.

“மனசு வைத்தால் நாலு வாய் சாப்பிடலாம், வீம்புக்குத் தட்டைத் தள்ளுகிறார்” என்பதே அந்த எண்ணம். அறுபது எழுபது வயதில் புற்றுநோய் வந்தவருக்கு வலியைவிட, முடி கொட்டுவதைவிட, ஒவ்வொரு வேளையும் தட்டின் முன்னால் நடக்கும் இந்தப் போராட்டம் பெரிய துன்பமாகிவிடுகிறது. ஊட்டுகிறவருக்கு ஆற்றாமை, சாப்பிட முடியாதவருக்குக் குற்ற உணர்ச்சி. ‘ஆள் பாதியாகிவிட்டார்’ என்று உறவினர் சொல்லும் நிலைக்கு மருத்துவத்தில் கேக்கெக்ஸியா என்று பெயர். ஆறு மாதத்தில் எடை 5 சதவீதத்துக்கு மேல் தானாகக் குறைந்தால் அதன் அறிகுறி என்று 2011-இல் வல்லுநர்கள் கூடி வரையறுத்தார்கள். இதில் நோயாளியின் மனவுறுதிக்கு இருக்கும் பங்கு மிகச் சிறியது. பசியை அணைக்கும் ஆணை, அவர் விருப்பம் எட்டாத ஓரிடத்திலிருந்து வருகிறது.

அந்த இடம் மூளையின் அடிப்பகுதியான முகுளத்தின் பின்பக்கம் இருக்கும் ஒரு சின்னஞ்சிறு மேடு. இரத்தத்தில் மிதந்து வரும் எதுவும் எளிதில் மூளைக்குள் நுழைய முடியாதபடி இரத்தக்குழாய்ச் சுவர்கள் தாழ் போட்டு வைத்திருக்கின்றன. தாழ் போடாமல் விட்ட சில இடங்களில் இந்த மேடும் ஒன்று. பழைய வீட்டின் திண்ணை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் கதவு சாத்தியிருந்தாலும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் தெரியும். நாம் கெட்டுப்போன எதையாவது தின்றுவிட்டால் குமட்டலாகவும் வாந்தியாகவும் சத்தம் போடுகிறவர்களில் இவளும் ஒருத்தி. திசுக்கள் துன்பப்படும்போது ஜிடிஎஃப்-15 என்ற புரதத்தை இரத்தத்தில் விடுகின்றன. அதுதான் சேதி கொண்டுவரும் ஆள். இந்த ஆளை அடையாளம் காணும் ஜிஎஃப்ரால் என்ற ஏற்பி இந்தத் திண்ணையிலும் அதை ஒட்டிய நரம்புக் கணுவிலும் இருக்கிறது. உடம்பில் வேறெங்கும் அநேகமாகக் கிடையாது. ஆள் வந்து நின்றதும் பாட்டி உள்ளே திரும்பி “அடுப்பை அணை” என்கிறாள். அவனை அனுப்பியது யார் என்று அவளுக்குக் கேட்கத் தெரியாது. ஒரு நாள் அடுப்பு அணைந்தால் நல்லதே, மேலும் நஞ்சு உள்ளே போகாது. கட்டி ஒன்று மாதக்கணக்கில் அதே ஆளை அனுப்பிக்கொண்டிருந்தால் வீட்டில் உலையே ஏறாது. பிறகு இருப்பதை விற்றுத்தான் காலம் தள்ள வேண்டும்: பரணில் கிடக்கும் பழைய சாமான்கள் கொழுப்பு, புழங்கும் பித்தளைப் பாத்திரங்கள் தசை. வெறும் பட்டினியில் உடம்பு முதலில் பரணைக் காலி செய்து, பாத்திரங்களைக் கூடியமட்டும் காப்பாற்றப் பார்க்கும். புற்றுநோயில் அழற்சியும் சேர்ந்துகொள்வதால் இரண்டும் ஒன்றாகவே சந்தைக்குப் போகின்றன. சமைக்க நினைக்கும்போது பாத்திரம் இருக்காது. பொன்செக்ரோமேப் பாட்டியின் வாயை மூடுவதில்லை. சேதிக்காரனைத் தெருமுனையிலேயே மடக்கிவிடுகிறது.

முதியவர்களுக்கு இது ஏன் கூடுதலாக வலிக்கிறது என்பதற்கும் விடை இதே தெருவில் இருக்கிறது. ஜிடிஎஃப்-15 புற்றுநோய்க்கு மட்டும் சொந்தமானதல்ல. வயது ஏற ஏற இரத்தத்தில் அதன் அளவு கூடுகிறது. இதயம் பலவீனமானவர்களிடமும் நாள்பட்ட சிறுநீரக நோய் உள்ளவர்களிடமும் அதிகம். சர்க்கரை நோய்க்குத் தினமும் விழுங்கும் மெட்ஃபார்மின் இதை உயர்த்துகிறது. அந்த மாத்திரையால் எடை குறைவதில் இதற்குப் பங்குண்டு என்று 2020 வாக்கில் தெரியவந்தது. சிஸ்பிளாட்டின் போன்ற கீமோ மருந்துகளும் உயர்த்துகின்றன. இனி, பதினைந்து ஆண்டாகச் சர்க்கரை, கொஞ்சம் தளர்ந்த சிறுநீரகம், புதிதாக ஒரு நுரையீரல் கட்டி, அதற்குக் கீமோ என்றிருக்கும் 72 வயதுக்காரரை எண்ணிப் பாருங்கள். மூன்று சிறப்பு மருத்துவர்கள் மூன்று கோப்புகளில் மூன்று நோய்களைப் பார்க்கிறார்கள். திண்ணைக்கு வந்து சேர்வதோ ஒரே சேதி. வாழ்க்கைத் தரத்தை நோய்வாரியாகப் பங்குபோட முடியாது என்று நான் வாதிடுவதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. இதைப் படித்துவிட்டு யாரும் மெட்ஃபார்மினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. எடை இறங்கும்போது மாத்திரைப் பட்டியல் முழுவதையும் ஒரே மருத்துவர் முன் வைத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது சேமிப்பு, அதாவது தசை. 2007-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 67 வயதான, எந்த நோயும் இல்லாத 12 பேரைப் பத்து நாள் படுக்கையிலேயே இருக்க வைத்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ தசை போயிருந்தது. ஆரோக்கியமானவருக்கே பத்து நாளில் இந்தக் கதி. கூடவே, வயதான தசை அதே அளவு புரதத்துக்கு இளந்தசையைப் போல வளர்ந்து கொடுப்பதில்லை. அதனால் நோயுற்ற முதியவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும் என்கிறார்கள் ஐரோப்பிய ஊட்டச்சத்து வல்லுநர்கள். 50 கிலோ ஆளுக்கு 60 முதல் 75 கிராம். ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம் சொச்சம். ‘லேசாக இறங்கும்’ என்று பாசத்தோடு வேளாவேளைக்குக் கொடுக்கும் அரிசிக் கஞ்சியில் அதைவிடக் குறைவு. கஞ்சியை விட வேண்டியதில்லை, அதில் பாசிப்பருப்போ முட்டையோ பாலோ சேர வேண்டும். சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மட்டும் அளவை மருத்துவர் சொல்ல வேண்டும்.

இந்த மெலிவுக்குக் காரணம் தேடிய வரலாற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம், அதில் ஏமாற்றங்களே அதிகம். 1980-களில் கேக்கெக்டின் என்று பெயரிட்ட ஒரு பொருளைக் குற்றவாளி என்றார்கள்; அது டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதமே என்று 1985-இல் தெரிந்தது; அதைத் தடுக்கும் மருந்துகள் மூட்டுவாதத்தில் வென்று, புற்றுநோய் மெலிவில் தோற்றன. ஜிடிஎஃப்-15-ஐ 1997-இல் கண்டெடுத்தவர்கள் சிட்னியைச் சேர்ந்த சாமுவேல் பிரைட்டின் குழுவினர். கட்டி உண்டாக்கும் பசியின்மைக்கு அது காரணம் என்று அதே குழு 2007-இல் காட்டியது. அதன் ஏற்பி 2017 வரை பிடிபடவில்லை.

எடை ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? இங்கேதான் விளம்பரத்தோடு எனக்குச் சண்டை. அனமோரெலின் என்ற மாத்திரை, பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைப் போல வேலை செய்வது. 2016-இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில் கொழுப்பில்லாத உடல் எடையை அது ஏற்றிக் காட்டியது. ஆனால் கைப்பிடி வலு கூடவில்லை. ஐரோப்பா அனுமதி மறுத்தது, ஜப்பான் 2021-இல் கொடுத்தது. தராசு முள் நகர்ந்தது, கை அப்படியே இருந்தது. பொன்செக்ரோமேப் சோதனையில் அதிக அளவு பெற்றவர்களின் நடமாட்டமும் கூடியதாகக் கருவிகள் பதிவு செய்தன. இந்த ஊசியைப் பொருட்படுத்த எனக்கு அந்தப் பதிவே காரணம்; பெரிய சோதனையிலும் அது நிலைக்க வேண்டும். முதியவர்களே எதை மதிக்கிறார்கள் என்பதற்கும் சான்று உண்டு. புற்றுநோய், இதயம், நுரையீரல் நோய்கள் முற்றிய, 60 வயதைக் கடந்த 226 பேரிடம் நடந்த ஆய்வு 2002-இல் வெளியானது. உயிர் பிழைத்தாலும் உடல் கடுமையாக முடங்கிவிடும் என்றால் அந்தச் சிகிச்சை வேண்டாம் என்றார்கள் 74 சதவீதத்தினர். மிஞ்சியிருக்கும் நாளில் தானே எழுந்து கழிவறைக்குப் போக முடியுமா என்பதே அவர்கள் கேள்வி.

விலை குறைந்த ஒரு வழியும் நம் பக்கத்திலிருந்தே வந்திருக்கிறது. புதுச்சேரி ஜிப்மரில் 124 புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவு 2023-இல் வெளியானது. கீமோவோடு தினம் 2.5 மில்லிகிராம் ஓலான்ஸபைன், அதாவது மனநோய்க்குப் பல காலமாகத் தரும் பழைய மாத்திரையைச் சின்ன அளவில் கொடுத்தார்கள். 5 சதவீதத்துக்கு மேல் எடை ஏறியவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 60 சதவீதம், பெறாத பிரிவில் 9 சதவீதம். அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் தன் பரிந்துரையிலேயே இதைச் சேர்த்துக்கொண்டது. இதையும் கண்ணை மூடிக்கொண்டு வரவேற்க முடியாது: பங்கேற்றவர்களின் இடைநிலை வயது 55தான், எண்பதைத் தொட்டவருக்கு அரைத் தூக்கமும் தள்ளாட்டமும் தரக்கூடிய மருந்து, சர்க்கரையையும் ஏற்றலாம்.

‘வயதானால் மெலிவது இயற்கை, அதை ஏன் நோயாக்குகிறீர்கள்’ என்று கேட்கலாம். வயதால் வரும் தேய்வு ஆண்டுக்கணக்கில் நடப்பது. வேட்டி இடுப்பில் நிற்காமல் மூன்றே மாதத்தில் நழுவத் தொடங்கினால் அது வேறு கணக்கு. ‘முதலில் கட்டியைக் கொல்லுங்கள், பசியைப் பிறகு பார்க்கலாம்’ என்பது இன்னும் கனமான மறுப்பு. கட்டி கரைந்தால் சேதிக்காரனும் குறைவான் என்பது உண்மைதான். ஆனால் கட்டியைக் கொல்லும் மருந்தைத் தாங்க உடம்பு வேண்டும். 70 வயதைக் கடந்த 718 புற்றுநோயாளிகளிடம் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. சிகிச்சை தொடங்குமுன் அவர்களின் நடை, நினைவாற்றல், உணவு, மாத்திரைகள், வீட்டுத் துணை எல்லாவற்றையும் அலசி, அந்த விவரத்தை மருத்துவர் கையில் கொடுத்தார்கள். கடுமையான பக்கவிளைவு 71 சதவீதத்திலிருந்து 51 ஆக இறங்கியது. ஆறு மாத உயிர்பிழைப்பில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. 2021-இல் வந்த இந்த முடிவுக்குப் புது மருந்து எதுவும் தேவைப்படவில்லை.

அப்படிப்பட்ட அலசலில் இரண்டை வீட்டிலேயே செய்யலாம். தையல்காரர் டேப்பால் கெண்டைக்காலின் தடித்த இடத்தைச் சுற்றி அளந்தால், ஆணுக்கு 34, பெண்ணுக்கு 33 சென்டிமீட்டருக்குக் கீழே இருப்பது தசைக் குறைவுக்கான சந்தேகம் என்று ஆசிய வல்லுநர் குழு 2019-இல் வகுத்திருக்கிறது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் எச்சரிக்கை. விழுந்துவிடாதபடி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். மாதம் ஒரு முறை இந்த இரண்டு எண்களையும் காலண்டர் ஓரத்தில் குறித்துவைத்து, அடுத்த கீமோவுக்குப் போகும்போது எடையோடு சேர்த்து மருத்துவரிடம் காட்டலாம்.