பேச்சில் வாழும் இடைச்சொற்கள்

பெயர், வினை, இடை, உரி எனச் சொற்களை நால்வகைப்படுத்தினர் நம் இலக்கண ஆசிரியர்கள். இவற்றுள் இடைச்சொல் என்றவுடன் 'ஏ, ஓ, உம்' என ஒப்பித்துவிட்டு, அது தேர்வுக்கு உரிய பாடம் என்று அமைதி கொள்வோர் பலர். அவை ஏட்டில் மட்டும் உறைபவை அல்ல. தென்காசிக் கடைத்தெருவிலும் நம் வீட்டு அடுப்படியிலும் நாள்தோறும் வழங்குபவை. பேசுவோர் உள்ளத்தைக் கேட்போர்க்குக் காட்டுபவை. இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பள்ளியில் பயின்ற காலத்தில் எங்கள் தெருவில் சிலருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வழக்கம். வளைகுடா நாட்டில் பணிபுரிந்த கணவருக்கு ஒரு மாமி கடிதம் சொல்ல, நான் எழுதினேன். "நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருக்கோம்" என்றார். செந்தமிழில் எழுதும் ஆர்வத்தால், 'நாங்கள் அனைவரும் நலமாக இருக்கிறோம்' என எழுதிப் படித்துக் காட்டினேன். மாமி சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "நான் சொன்ன மாதிரி இல்லையே, தம்பி" என்றார். நான் விட்டது ஒரு சொல்லே. 'தான்' என்னும் சொல். ஆயின் அவர் சொல்ல விரும்பியதெல்லாம் அதனுள்தான் இருந்தது. மீண்டும் அதனைச் சேர்த்து எழுதினேன். அடுத்து வந்த கடிதத்தின் முதல் வரியே, 'ஏன், அங்கே என்ன குறை?' என்பதாக இருந்தது.

இவ்வாறு சொல்லாது விட்ட பொருளை உணர்த்துவதைப் பழைய இலக்கணம் 'ஒழியிசை' என்கிறது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் ஏழாம் இயலாகிய இடையியலில் 'மன்' என்பதற்குக் கழிவு, ஆக்கம், ஒழியிசை என 3 பொருள்களும், ஓகாரத்திற்கு 6 பொருள்களும், ஏகாரத்திற்கு 5 பொருள்களும், உம்மைக்கு 8 பொருள்களும் கூறப்பட்டுள்ளன. 'மன்' இன்று பேச்சில் இல்லை. ஆயின் ஒழியிசை இறக்கவில்லை. தொல்காப்பியர் பெயராகக் கொண்ட 'தான்' இன்று இடைச்சொல்லாகவும் நின்று அப்பணியைச் செய்கிறது. சொல் மாறினும் தேவை மாறவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

சாரல் காலத்தில் நாம் கேட்கும் ஒரு தொடரையே எடுத்துக்கொள்வோம். "குற்றாலத்துல தண்ணி விழுது" என்பது வெறும் செய்தி. "விழுதாம்" என்றால் பிறர் சொல்லக் கேட்டது. "விழுதோ என்னமோ" என்றால் ஐயம். அருவி வறண்டுவிட்டது என்பாரை மறுத்து "விழுதே!" என்றால் தேற்றம். "விழுதுல்லா?" என்றால், 'உனக்கும் தெரிந்ததுதானே' எனக் கேட்பவரையும் உடன் சேர்த்துக்கொள்வது. 'அல்லவா' என்பது தேய்ந்து 'லா' ஆயிற்று; நம் வட்டாரத்தின் தனி அழகு இது. "நான் நேத்தே சொன்னேம்லா" என்பதிலுள்ள உரிமையை வேறெச்சொல்லால் தர இயலும்?

இத்தகைய சிறு சொற்கள் பிற மொழிகளிலும் உண்டு. 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடியை ஆண்ட டேனியரின் மொழியில் 'யோ' என்றொரு சொல் உள்ளது. 'நீயும் அறிந்ததே' என்னும் குறிப்பைத் தருவது. நம் 'லா'வுக்கு அது நெருங்கிய உறவு எனலாம். 'இருக்கலாம்' என்னும் குறிப்புக்கு 'நொக்' என்பர்; 'அப்படித்தானே' என்னும் எதிர்பார்ப்புக்கு 'வெல்' என்பர். டேனிய மொழி கற்கும் அயலார் இவற்றை ஆளத் தெரியாவிடில், பிழையின்றிப் பேசியும் கடுமையாகப் பேசுவோராகத் தோன்றுவர். தமிழிலும் அவ்வாறே.

திருமண அழைப்பை எண்ணிப் பாருங்கள். ஊர்ப் பெரியவரிடம் "நீங்களும் வாங்க" என்றால், அது எச்சவும்மை. பிறரை அழைத்தபின் அவரையும் சேர்த்ததாகப் பொருள்படும். "நீங்களாவது வாங்க" என்றால், மற்றவர் வாரார் என்னும் மனக்குறை அதில் ஒலிக்கும். "நீங்கதான் முன்னால நின்னு நடத்தணும்" என்றால் அவர் உள்ளம் குளிரும். அழைப்பு ஒன்றே, உறவை ஆக்குவதும் அழிப்பதும் இடைச்சொல்லே.

இவை அனைத்தினும் நாம் பெரிதும் காக்க வேண்டியது 'ஆம்' என்பதே. "அவன் பணத்தை எடுத்துவிட்டானாம்" என்பவர், தாம் காணவில்லை என்பதை அவ்வோர் அசையால் ஒப்புக்கொள்கிறார். அதனைக் கேட்டவர் "எடுத்துவிட்டான்" என அடுத்தவரிடம் கூறினால், செவிவழிச் செய்தி சாட்சியாகிவிடுகிறது. விழுந்தது ஓர் இடைச்சொல். அதனுடன் வீழ்வது ஒருவன் மானம். கைபேசியில் வரும் செய்தியை நொடியில் பலருக்கு அனுப்பும் இக்காலத்தில் இவ்வெச்சரிக்கை முன்னினும் மிகுதியாக வேண்டும். கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் சொல்லும் நேர்மைக்குத் தமிழ் தந்த கருவி 'ஆம்'.

மாணவச் செல்வங்களே! இடையியலைப் படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, உங்கள் இல்லத்துப் பெரியோர் பேசுவதைச் சற்றே செவிமடுங்கள். நலமா என அவர்களைக் கேட்கும்போது "நல்லா இருக்கேன்" என்கிறார்களா, "நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார்களா என்று கேளுங்கள். பின்னதாயின், உடனே எழுந்து போய்விடாதீர்கள். அருகில் அமர்ந்து, என்ன குறை என்று கேளுங்கள்.