விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி காட்டுவது நிஜமா?

2021-ல் கொரோனா இரண்டாவது அலை அடித்தபோது மருந்துக் கடைகளில் ஜனங்கள் முண்டியடித்து வாங்கிய சாமான் 'பல்ஸ் ஆக்சிமீட்டர்'. கிளிப் மாதிரி விரலில் மாட்டுவது. இன்றும் பல வீட்டு அலமாரியில் கிடக்கிறது.

"95 காட்டுது, பயமில்லே!" என்று நிம்மதியாகத் தூங்கப் போனவர்கள் ஏராளம். அந்த நம்பரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

2 சதவீத மர்மம்

"பிழை: கூடக்குறைய 2 சதவீதம்" என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். எப்போது அளந்தாலும் 2-க்கு மேல் தப்பாது என்றுதானே நினைப்போம்? அதுதான் இல்லை! அது ஒருவகை சராசரிக் கணக்கு. ஏறக்குறைய மூன்றில் இரண்டு தடவை அந்த எல்லைக்குள் நிற்கும். மீதித் தடவை தாண்டிவிடும்.

அந்தச் சோதனையும் ஆரோக்கியமான ஆட்களை வைத்து ஆராய்ச்சிக் கூடத்தில் நடப்பது. வீட்டு நோயாளிக்கோ நடுங்கும் கை, சில்லிட்ட விரல்!

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2021 பிப்ரவரியில் எச்சரிக்கை விட்டது. தாங்கள் அனுமதித்த கருவியே 90 காட்டினாலும், ரத்தத்தில் உள்ள நிஜ அளவு 86 முதல் 94 வரை இருக்கலாம் என்றது.

கறுப்புத் தோலில் தடுமாற்றம்

இந்தக் கருவி சிவப்பு ஒளியையும், அகச்சிவப்பு ஒளியையும் விரலுக்குள் பாய்ச்சிக் கணக்குப் போடுகிறது. தோலின் கருமையும் ஒளியை உறிஞ்சுவதால் கணக்கு இடிக்கிறது.

2020 டிசம்பரில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக டாக்டர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கருவி 92 முதல் 96 வரை காட்டிய நோயாளிகளின் ரத்தத்தை எடுத்துச் சோதித்தால், சிலருக்கு 88-க்கும் கீழே! வெள்ளையரிடம் நூற்றுக்குச் சுமார் 4 தடவை இப்படி ஏமாற்றியது. கறுப்பரிடம் சுமார் 12 தடவை. கறுப்பும் மாநிறமுமான நாமும் இதைக் கவனிக்க வேண்டியதுதான்.

என்ன செய்யணும்?

கருவியைத் தூக்கி எறிய வேண்டாம். நகப்பூச்சை அழியுங்கள். கையைத் தேய்த்துச் சூடாக்குங்கள். விரலை ஆட்டாமல், நம்பர் ஒரே இடத்தில் நிற்கும்வரை பொறுங்கள்.

ஒரு தடவை காட்டும் நம்பரைவிட அது போகிற போக்குதான் முக்கியம். நேற்று 97, இன்று 93 என்றால் உஷார்!

மூச்சுத் திணறினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ கருவி என்ன காட்டினாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். நம்பர் நல்லா இருக்கே என்று உட்கார்ந்துவிட்டால், போவது உயிர்!